மொரப்பூர் - ஓசூர் சின்ன ரயிலைத் தேடி ஒரு நாள்

டவுன் பஸ்ஸில் என் மனைவிக்குக் காசு இல்லை, எனக்கு உண்டு. 2021 மே 8ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் இதுதான் நடைமுறை. தேன்கனிக்கோட்டை பஸ் நிலையத்தில் கண்டக்டர் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கொடுத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டுவார். அவள் ஜன்னலோரம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சீட்டுகளை அவள் தூக்கி எறிவதில்லை. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"இதை வச்சிக்கிட்டு எவ்வளவு தூரம்தாங்க போக முடியும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

எனக்கு உடனே என் மாமனார் ஞாபகம் வந்தது. சிறுவயதில் அவர் ஓசூரிலிருந்து ஒரு சின்ன ரயிலில் போயிருக்கிறார். பெட்டி சின்னது, எஞ்சின் சின்னது, மேட்டில் மூச்சு வாங்கும், பையன்கள் இறங்கி ஓடிப் போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள் என்று சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொன்னாரோ என்னவோ. ஆனால் கதையை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார்: "சண்டைக்கு வேணும்னு தண்டவாளத்தைப் பிடுங்கிட்டுப் போனாங்க. முடிஞ்சதும் கொண்டாந்து போடறோம்னாங்க." அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்த ரயில் நின்ற ஊர்களை ஒரே நாளில், முடிந்த வரை இலவசமாக, பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தோம்.

காலை ஆறரைக்கு டவுன் பஸ். மத்திகிரி தாண்டி ஓசூர் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி ஆகவில்லை. பஸ் நிலையத்தில் பெங்களூர் பஸ்கள் வரிசையாக நின்றன. "அந்தப் பக்கம் போனா என்ன? அங்கேயும் லேடீஸுக்கு ஃப்ரீதானே?" என்றாள். ஃப்ரீதான். 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டம் நடக்கிறது. ஆனால் அது கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் இவளும் என்னைப் போலத்தான்.

இதைக் கேட்டதும் எனக்குப் புதுச்சேரி நினைவு வந்தது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பாரிஸிலிருந்து லியோன், மார்சேய் என்று ரயில் பாதைகளை மனப்பாடமாக ஒப்பிப்போம். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை 1879-ல் வந்தது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தைக் கைமாற்றும் வரை அந்த ரயிலில் ஒரு எல்லை இருந்தது. சுங்கக்காரர்கள் ஏறி மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்களாம், அப்பா சொல்வார். இன்று அத்திப்பள்ளியில் யாரும் மூட்டையை அவிழ்ப்பதில்லை. சீட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

பெங்களூர் பக்கத்து ஸ்டேஷன்களான ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம் எல்லாவற்றையும் இன்னொரு நாளைக்கு ஒத்தி வைத்தோம். பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்துக்கு 2022 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் ஹீலலிகேயிலிருந்து ராஜானுகுண்டே வரை சுமார் 47 கிலோமீட்டருக்கு 'கனகா' என்று ஒரு வழித்தடம் இருக்கிறது. அதை ஓசூர் வரை நீட்டுங்கள் என்று நம்மவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தினமும் காலையில் இங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தால் அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓசூர் ரயில் நிலையத்தில் தர்மபுரி போகும் மெமுவுக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன். "ரெண்டும் முழு டிக்கெட்தான் ஐயா" என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் கேட்காமலேயே சொன்னார் என்றால் என்னைப் போல எத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும்! ரயிலில் மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். முதியவர்கள் அநாவசியமாகப் பயணம் செய்யக் கூடாது என்பது அன்று சொன்ன காரணம். காரணம் போய்விட்டது, சலுகை வரவில்லை.

நம் பகுதிக்கு ரயில் வந்த கதையும் ஒரு ஆபத்துக் காலத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் 1876-78 பஞ்சத்தில் பழைய சேலம் மாவட்டம் பட்ட பாடு சாதாரணமானதல்ல. அன்று ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் சேலத்தில் அடக்கம். 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மாவட்ட ஜனத்தொகை 1881-ல் 16 லட்சமாகக் குறைந்தது. பிறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் இந்தக் குறைவு. நான் குமாஸ்தாவாக இருந்தவன், தொகைகளைப் பார்த்துப் பழகியவன். இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது மட்டும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், மாவட்டத்தில் அப்போதே ரயில் இருந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் பெரிய பாதை 1860களின் தொடக்கத்திலேயே ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகப் போட்டாகிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு 1864-ல் கிளை போனது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் தேன்கனிக்கோட்டையும் இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மேட்டு நிலம். தானியம் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து உள்ளே கொண்டு போக மாட்டு வண்டி வேண்டும். தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மாடுகள்தான் மனிதனுக்கு முன்னால் செத்தன.

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. பஞ்சம் பாதிக்கும் இடங்களுக்கு உடனே 5,000 மைல் ரயில் பாதை வேண்டும் என்றது. லாபத்துக்கு அல்ல, உயிர் காக்க. இதற்குப் 'பாதுகாப்புப் பாதை' என்று பெயர். அந்தச் சிந்தனையில் பிறந்ததுதான் நம் சின்ன ரயில். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 25 மைல் பாதை 1905-ல் திறக்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சுமார் 18 மைல் பாதை 1906-ல் வந்தது. பின்பு அதையே பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக நீட்டி 1913-ல் ஓசூரில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். மொத்தம் 70 மைலுக்கு மேல். பஞ்சத்துக்கும் ஓசூருக்கு ரயில் வந்ததற்கும் இடையே 35 வருஷம் என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பஞ்ச காலத்தை ஒட்டி, 1878 டிசம்பரில், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, வளர்ந்து படித்துச் சேலத்தில் வக்கீலாகப் பெயர் எடுத்த பிறகுதான் அவர் ஊருக்குப் பக்கத்தில் ரயில் வந்தது.

செலவைக் குறைக்க 2 அடி 6 அங்குல அகலத்தில் போட்டார்கள். பெரிய பாதை 5 அடி 6 அங்குலம். அதனால் மொரப்பூரிலும் திருப்பத்தூரிலும் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். மனிதனும் இறங்கி ஏற வேண்டும். பிரெஞ்சில் ரயில் பாதையை 'ஷ்மேன் த ஃபேர்' என்பார்கள். நம் 'இருப்புப் பாதை'க்கும் அதே பொருள்தான். இரும்பு இருந்தது, ஆனால் அளவு சேரவில்லை.

மெமு நகர ஆரம்பித்தது. ஜன்னலோரம் வழக்கம் போல அவளுக்கு. கெலமங்கலம், பெரியநாகதுணை, ராயக்கோட்டை. இப்போது நாம் போவது அந்தப் பழைய பாதை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். இது 1960களின் கடைசியில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே மீட்டர்கேஜாக வந்து, 1990களில் அகலப்பாதை ஆனது. ஊர்கள்தான் அதே ஊர்கள். ராயக்கோட்டை வந்ததும் மலை மேல் கோட்டை தெரிந்தது. 1791-ல் திப்புவிடமிருந்து கும்பெனிப் படை பிடித்த கோட்டை. "அப்பா இந்த மலையைத்தான் சொல்லியிருப்பார். மலை வந்ததும் இட்லி பொட்டலத்தைப் பிரிப்பாங்களாம்" என்றாள். நாங்களும் பிரித்தோம்.

இன்னொரு விஷயம். ஓசூர் முதல் தர்மபுரி வரை ஸ்டேஷன்கள் எல்லாம் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் தென்மேற்கு ரயில்வே. கோட்டம் பெங்களூர், தலைமையகம் ஹூப்ளி. பிளாட்பாரத்தில் ஒரு குழாய் வேண்டும் என்றாலும் மனுவை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். மனு எழுதிக் கொடுப்பது எனக்கு ஓய்வுக்குப் பிறகும் நிற்காத வேலை. ஆகவே அனுபவத்தில் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் தக்காளிக் கூடைகளோடு ஒரு கூட்டம் ஏறியது. தர்மபுரியில் இறங்கி, மொரப்பூருக்கு டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நடுவில் இரண்டு தனியார் பஸ் போயின. அவள் ஏறவில்லை. "எடுத்த முடிவு எடுத்ததுதான்" என்றாள். இந்தத் தர்மபுரி - மொரப்பூர் பாதையை மறுபடி போடுவதற்கு, சுமார் 36 கிலோமீட்டர், 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

மொரப்பூர் ஸ்டேஷனில் வேகமாக ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனது. பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன ரயில் எந்தப் பக்கம் நின்றிருக்கும், மூட்டையை எங்கே இறக்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையாய் நின்ற ஒரு ஊழியரிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு இருந்துச்சா சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வயது முப்பது இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

1930களில் மோட்டார் பஸ் வந்ததும் நாடெங்கும் இப்படிப்பட்ட கிளைப்பாதைகளுக்கு வருமானம் குறைந்தது. பஞ்சத்துக்காகப் போட்ட பாதையை லாப நஷ்டக் கணக்கில் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர். இந்தியா முழுக்கப் பல கிளைப்பாதைகளைப் பிடுங்கி, தண்டவாளத்தையும் தளவாடத்தையும் ராணுவத் தேவைக்குக் கொண்டு போனார்கள். மத்தியக் கிழக்குப் போர்முனைக்கும் கப்பலில் போயின. 1941 வாக்கில் நம்முடைய இரண்டு சின்னப் பாதைகளும் போயின. சோறு கொண்டு வரப் போட்ட இரும்பு சண்டைக்குப் போயிற்று. போர் 1945-ல் முடிந்தது. ஓசூர் அடுத்த ரயிலைப் பார்க்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கிருஷ்ணகிரி இன்னும் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கினோம். தர்மபுரியிலிருந்து அங்கே வர மொஃபசல் பஸ், இருவருக்கும் காசு. அவளுக்கு அதில் வருத்தம். 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமான பிறகும், நாலு பக்கமும் தேசிய நெடுஞ்சாலை ஓடும் இந்தத் தலைநகரத்தில் ரயில் நிலையம் இல்லை. பழைய ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் மூன்று திசையைக் காட்டினார்கள். நாலாவது ஒரு பூக்காரப் பாட்டி, "ரயிலா? எங்க மாமியார் ஏறியிருக்காங்க, திருப்பத்தூருக்கு" என்றார். எந்த இடத்தில் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் மாமியார் ஏறியது நிச்சயம் என்றார். என் மனைவி அவரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, அரை மணி நேரம் பேசினாள். இரண்டு பேருமே தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ரயிலைப் பற்றித்தான் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராயக்கோட்டை வழியாக வீடு வந்து சேர இரவு ஒன்பது ஆகிவிட்டது. பழக்க தோஷம், உட்கார்ந்து கணக்கு எழுதினேன். அவள் செலவு என் செலவில் பாதிக்கும் கீழே. இரண்டு புதுச் சீட்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போயின. மெமு டிக்கெட்டையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"அந்தம்மா சொன்ன திருப்பத்தூர் லைன் பாக்கி இருக்கே" என்றாள்.

அந்தப் பக்கம் டவுன் பஸ் எந்த ஊர் வரை போகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.