பலவண்ணக் குறைப்பு லினோகட்

லினோலியம் தகட்டைச் செதுக்கி, மேடாக எஞ்சும் பகுதியில் மை பூசித் தாளில் அச்சிடும் கலை லினோகட். இதில் ஒரே தகட்டைப் படிப்படியாகச் செதுக்கிக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு நிறத்தை முந்தைய நிறத்தின்மீது அச்சிடுவது குறைப்பு முறை. செதுக்கியெடுத்த பகுதி திரும்ப வராது. அடுத்த கட்டம் தொடங்கிவிட்டால் முந்தைய கட்டத்தை மீண்டும் அச்சிட முடியாது. அதனால் ஆங்கிலத்தில் இதற்குத் ‘தற்கொலை அச்சு’ என்ற வேடிக்கைப் பெயரும் உண்டு.

வரலாறு

ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள் முதலியவற்றைச் சணல்துணியில் படியவைத்துச் செய்யப்படும் லினோலியத்தை 1860-களில் இங்கிலாந்தின் பிரெடரிக் வால்டன் தரைவிரிப்பாக உருவாக்கினார். மரத்தைப் போல இழையோட்டம் இல்லாததால் எந்தத் திசையிலும் எளிதாகச் செதுக்கலாம் என்பதே ஓவியர்களை அதன்பால் ஈர்த்தது. 1920-களில் லண்டன் குரோவ்னர் பள்ளியில் கிளாட் ஃபிளைட் வண்ண லினோகட்டைக் கற்பித்தார். அங்கே நிறத்துக்கு ஒரு தகடு என்பது வழக்கம். இந்தியாவில் தண்டி யாத்திரையின்போது கோலூன்றி நடக்கும் காந்தியை நந்தலால் போஸ் 1930-இல் கறுப்பு வெள்ளை லினோகட்டாக ஆக்கினார்.

குறைப்பு முறையைப் பரவலாக அறியச் செய்தவர் பிக்காசோ. தெற்குப் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் அச்சாளர் இதால்கோ அர்னேராவுடன் பணியாற்றிய அவர், 1958-இல் ஓவியர் கிரானாக்கின் படைப்பைத் தழுவிய பெண் உருவத்தைப் பல தகடுகளால் அச்சிட்டார். அவற்றைப் பிசகாமல் பொருத்துவது பெரும்பாடாக இருந்ததால், பின்னர் ஒற்றைத் தகட்டுக்கு மாறினார். விளக்கடியில் கண்ணாடிக் குவளையும் பழங்களும் இருக்கும் அவருடைய 1962-ஆம் ஆண்டுப் படைப்பின் படிநிலை அச்சுகளை 2014-இல் பிரிட்டிஷ் மியூசியம் பெற்றது. படம் கட்டம் கட்டமாக உருவாவதை அவற்றில் காணலாம்.

செய்முறை

பயில்வோர் மூன்று நிறங்களில் தொடங்குவது நல்லது. இலையோடு கூடிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் கறுப்புப் பின்னணியில் அச்சிடுவதாகக் கொள்ளலாம். அச்சில் இடவலம் மாறும் என்பதால் படத்தைத் திருப்பியே தகட்டில் வரைய வேண்டும். முதலில் பழத்தின் பளபளப்புப் புள்ளியை மட்டும் செதுக்கி, தகடு முழுவதும் மஞ்சள் பூசி எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். அந்தப் புள்ளி தாளின் வெண்மையாகவே நிற்கும். பிறகு பழத்தைச் செதுக்கிவிட்டு, ஒளி ஊடுருவும் நீல மையை அச்சிட்டால், மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகத் தெரியும். இறுதியில் இலையைச் செதுக்கிவிட்டுக் கறுப்பை அச்சிட்டால் பின்னணி நிறைவுறும். ஒவ்வொரு முறையும் செதுக்கப்படுவது, அப்போது தாளில் உள்ள நிறத்தில் நிலைக்க வேண்டிய பகுதியே. நிறங்கள் பெரும்பாலும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததை நோக்கிச் செல்லும்.

தகட்டைச் சற்றுச் சூடாக்கினால் உளி வழுக்காமல் இறங்கும். தகட்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மையைக் கண்ணாடியில் மெல்லிய படலமாக உருட்ட வேண்டும். அளவு சரியாக இருந்தால் உருளையிலிருந்து மெல்லிய சரசரப்புக் கேட்கும், மிகுந்தால் பிசுபிசுப்பான ஒலி எழும். தடித்த மை நுண்கோடுகளை அடைத்துவிடும். அடுத்த நிறமும் அதன்மேல் சரியாகப் பற்றாது. அச்சு இயந்திரம் இல்லாதவர்கள் தாளின் பின்புறத்தை மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து அச்சிடலாம். எண்ணெய் மை உலரச் சில நாட்கள் ஆகலாம்.

நிறங்கள் விலகாமல் விழத் தகடும் தாளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அமைய வேண்டும். பலகையில் ‘ட’ வடிவச் சட்டம் அடித்துத் தகட்டை அதன் மூலையில் பொருத்துவதும், தாளின் மூலைக்கும் விளிம்புக்கும் தடுப்பு வைப்பதும் எளிய வழி. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சின் ‘கென்டோ’ குறிகளும் இதே பணியைச் செய்கின்றன.

பதிப்பின் அளவு

முதல் நிறத்தை எத்தனை தாள்களில் அச்சிடுகிறோமோ அதுவே உச்சவரம்பு. ஒவ்வொரு கட்டத்திலும் சில தாள்கள் மை பிசகியோ இடம் விலகியோ கெடும் என்பதால், 20 படிகள் தேவையானால் 25 தாள்களில் தொடங்குவது பாதுகாப்பானது. நன்றாக வந்த படிகளில் 3/20 என்பதுபோலப் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுவது மரபு. வேலை முடிந்தபின் தகட்டில் எஞ்சுவது கடைசி நிறத்தின் வடிவம் மட்டுமே. அதைக் கொண்டு அந்தப் பதிப்பில் ஒரு படிகூடச் சேர்க்க இயலாது.