இன்டர், பி.யூ.சி., பிளஸ் டூ: ஒரு வகுப்பின் பெயர்களில் உறைந்த வரலாறு

பள்ளிப் படிப்பு நிறைவடையும் வகுப்புக்கு இந்தியாவில் ஒற்றைப் பெயர் இல்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது இன்டர்மீடியட், கர்நாடகத்தில் பி.யூ.சி.; தமிழ்நாட்டில் பிளஸ் டூ. கேரளத்தில் சென்ற நூற்றாண்டின் இறுதிவரை பிரீ டிகிரி என்ற பெயர் வழங்கியது. இடைநிலை, பல்கலைக்கழகத்துக்கு முந்தையது, பட்டத்துக்கு முந்தையது, பத்துடன் கூட்டிய இரண்டு என்பவை இவற்றின் பொருள். இவற்றுள் ஒன்றுகூட அப்படிப்பைத் தன்னளவில் முழுமையானதாகக் குறிக்கவில்லை. பட்டம் நோக்கிய பாதையில் அவ்வகுப்பு எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன.

பள்ளிக்குப் பின் என்ன செய்வது என்பதை மாணவரின் தனிப்பட்ட தெரிவாகவே நாம் பேசி வருகிறோம். அத்தெரிவின் வரம்புகள் அவர்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே வகுக்கப்பட்டவை என்பதற்கு இப்பெயர்கள் சான்று.

1844இல் ஹார்டிஞ்சு பிரபுவின் தீர்மானம் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை அளித்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அதன்பின் பள்ளியின் இறுதித் தேர்வைப் பள்ளிகள் தீர்மானிக்கவில்லை, பல்கலைக்கழகங்களே தீர்மானித்தன. கல்கத்தா அதை 'என்ட்ரன்ஸ்' என்றது. மற்ற இரண்டும் 'மெட்ரிகுலேஷன்' என்றன. அச்சொல்லின் இலத்தீன் வேருக்குப் பதிவேடு என்று பொருள். பள்ளியை விட்டு வெளியேறும் வாயில், மற்றொரு நிறுவனத்துக்குள் நுழையும் வாயிலாகவே பெயர் பெற்றது.

இந்த ஒற்றை வழியின் குறை விரைவிலேயே உணரப்பட்டது. 1882ஆம் ஆண்டின் ஹன்டர் குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளை இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது: ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்கு, மற்றொன்று வணிகம் போன்ற நடைமுறைத் தொழில்களுக்கு. இரண்டாவது பிரிவை நாடியோர் சிலரே. 1917–19ஆம் ஆண்டுகளின் சாட்லர் குழு, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்குமான எல்லைக்கோடு இன்டர்மீடியட் தேர்வாகவே இருக்க வேண்டும் என்றது. 1952–53இல் இலட்சுமணசாமி முதலியார் குழு பல்நோக்குப் பள்ளிகளில் ஏழு பிரிவுகளை முன்வைத்தது. வேளாண்மையும் நுண்கலையும் மனையியலும் அவற்றுள் அடங்கும். 1964–66இல் கோத்தாரி குழு 10+2+3 அமைப்பை வகுத்ததோடு, பத்தாம் வகுப்புக்குப் பின் பயில்வோரில் பாதிப்பேர் 1986க்குள் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. அந்த 1986இல் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கோ 1990க்குள் 10 விழுக்காடு, 1995க்குள் 25 விழுக்காடு. 1992ஆம் ஆண்டின் திருத்தம் இலக்கை மாற்றாமல் ஆண்டுகளை மட்டும் 1995, 2000 எனத் தள்ளிவைத்தது. 19 முதல் 24 வயது வரையிலான தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2020ஆம் ஆண்டின் கொள்கை ஆவணமே குறிப்பிடுகிறது.

இத்தோல்விக்கு மாணவரின் பட்ட மோகத்தைக் காரணம் காட்டுவது எளிது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. குழுக்கள் புதிய பாடங்களைத் திறந்துவைத்தன. ஆனால் பணி நியமன விதிகள் பட்டத்தையே கேட்டன. தொழிற்பிரிவில் சென்றவர் பின்னர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியும் குறுகலாகவே இருந்தது. ஒருமுறை விலகினால் மீள முடியாத பாதையை ஒருவர் தவிர்ப்பது அறியாமை ஆகாது.

தொழில் என்ற சொல்லுக்கு இங்கே சாதியின் நிழலும் உண்டு. 1953இல் இராஜாஜி சென்னை மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் கழியுமாறு ஒரு திட்டம் கொண்டுவந்தார். அது 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. பிறப்பு விதித்த தொழிலிலிருந்து வெளியேறப் பட்டம் ஒன்றே வழி என்று கண்ட குடும்பங்களிடம், தொழிற்கல்வியும் சமமான தெரிவுதான் என்று சொல்வது போதாது. அதைச் சமமாக்கும் ஊதியமும் மதிப்பும் திரும்பும் வழியும் கண்முன் இருக்க வேண்டும்.

பள்ளியை விட்டு விலகுவதைத் தன் பெயரிலேயே கொண்ட எஸ்.எஸ்.எல்.சி.கூட இன்று பதினோராம் வகுப்பில் சேர்வதற்கான சான்றாகவே பயன்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வேலைக்குச் செல்பவரை நம் மொழி 'படிப்பை நிறுத்தியவர்' என்கிறது. 'முடித்தவர்' என்று சொல்லத் தயங்குகிறது. ஒரு தெரிவு உண்மையில் தெரிவாக இருக்கிறதா என்பதை அறிய இதுவும் ஓர் அளவுகோல்: அதை மேற்கொண்டவரைக் குறிக்க, குறை சுட்டாத ஒரு சொல் அம்மொழியில் இருக்க வேண்டும்.

வங்காளம், மராத்தி, இந்தி, மலையாளம் முதலிய மொழிகளில் இவர்களைக் குறிக்கும் சொற்களை அறிந்த நண்பர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்தால், இவ்வொப்பீட்டை விரிவாக்க இயலும்.