வருஷம் பூராவும் ஒரே டயர்: ஒரு பனிக்கால சரித்திரம்

விஸ்வநத்தத்தில் பனி என்றால், மார்கழி விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு பனி, அவ்வளவுதான். எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும். மழையே எண்ணிப் பெய்கிற கரிசல் பூமி. அந்த வறட்சிதான் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் நிலைத்து நிற்க ஒரு முக்கியக் காரணம். தீபாவளிக்கு முன்னால் இங்கிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும் லாரிகளில் டிரைவர் ஒருமுறை டயரைச் சுற்றி வந்து பார்ப்பார். பட்டன் தேய்ந்திருக்கிறதா, சைடில் வெடிப்பு இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா... இவ்வளவுதான் கேள்வி. "இது எந்த சீசன் டயர்?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் உலகத்தில் பல நாடுகளில் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. குளிர்காலம் வந்ததும் நான்கு டயரையும் கழற்றிவிட்டுப் பனிக்கென்றே செய்த வின்டர் டயரை மாட்டுவதா, அல்லது பன்னிரண்டு மாதமும் ஓடும் 'ஆல் சீசன்' டயரிலேயே சமாளிப்பதா? கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாக நடக்கும் இந்த வழக்கின் நடுவில், டயருக்கு சீசன் உண்டு என்றே தெரியாத ஊர்களிலிருந்து போன தமிழர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

கதை ஆரம்பிப்பது பின்லாந்தில். ரப்பர் பூட்ஸ் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி (பின்லாந்து ரப்பர் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளலாம், 1898-ல் ஆரம்பித்தது) 1934-ல் லாரிகளுக்காக ஒரு டயரைக் கொண்டுவந்தது. சாலைப் பனியைச் சரியாக வழித்துப் போடாத காலம். ஊருக்குச் சாமான் கொண்டுபோகும் லாரி நடுவழியில் நின்றால் ஊரே காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் முதல் டயர் காருக்கு இல்லை, லாரிக்கு. கார்களுக்கான டயர் 1936-ல் வந்தது. அதற்கு ஹக்கபெலீட்டா என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் சண்டை போட்ட பின்லாந்துக் குதிரைப்படைக்காரர்களின் பெயர் அது. இன்றைக்கும் அந்தப் பெயரில் டயர் விற்கிறது.

அந்தக் கம்பெனி 1967-ல் வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து உருவானதுதான் நோக்கியா. ஆமாம், அதே நோக்கியா! 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்ததே, அதேதான். டயர் பிரிவு 1988-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து போய்விட்டது. போன் போனாலும் டயர் நிற்கிறது :-)

பனியைவிடப் பெரிய எதிரி பனிக்கட்டி. சாலையில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். அதற்காக டயரில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் பதிக்கும் பழக்கம் 1960-களில் பரவியது. பிடிப்பு பிரமாதம். ஆனால் பனி இல்லாத நாட்களில் அதே ஆணி தார் ரோட்டைச் சுரண்டி எடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் அமெரிக்காவின் மினசோட்டாவும் 1970-களின் தொடக்கத்திலேயே தடை போட்டன. ஜெர்மனி 1975-ல் தடை செய்தது. ஜப்பானில் செண்டாய் போன்ற நகரங்களில் சுரண்டப்பட்ட ரோட்டுத் தூசி காற்றில் கலந்து பெரிய சுகாதாரப் பிரச்சினையாகி, 1990-ல் தனிச் சட்டமே வந்தது. அதற்கு முன்பே, 1988-ல், பிரிட்ஜ்ஸ்டோன் ஆணியில்லாத பிளிசாக் டயரை ஜப்பானில் இறக்கிவிட்டது. ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள். பனிக்கட்டியின் மேல் இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். உண்மையில் வழுக்கிவிடுவது அந்தத் தண்ணீர்ப் படலம்தான்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. அங்கே அதுவரை குளிர்காலம் வந்தால் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் 'ஸ்நோ டயர்' மாட்டுவார்கள், வசந்தம் வந்தால் கழற்றுவார்கள். 1977-ல் குட்இயர் கம்பெனி டியெம்போ என்ற டயரைக் கொண்டுவந்தது. இனிமேல் மாற்றவே வேண்டாம், வருஷம் பூராவும் இதுவே போதும் என்பதுதான் விற்பனை மந்திரம். முதல் ஆல் சீசன் ரேடியல் டயர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. யாருக்குத்தான் பிடிக்காது? வருஷத்துக்கு இரண்டுமுறை ஜாக்கி போட்டு டயரைக் கழற்றும் வேலை மிச்சம். கார் கம்பெனிகளும் புதுக் காரிலேயே அதை மாட்டி அனுப்ப ஆரம்பித்தன. கொஞ்ச காலத்தில், டயர் என்றாலே ஆல் சீசன்தான் என்ற நிலைமை வட அமெரிக்காவில் வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டை ரப்பரின் குணத்தில் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மேன், ராக்கெட்டில் இருந்த ரப்பர் வளையத்தின் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். குளிரில் அது விறைத்து, அமுக்கிய இடத்தில் உடனே மீளாமல் கிடந்தது. டயரிலும் இதேதான். வெயில் காலத்தில் சீக்கிரம் தேயாமல் இருக்க ரப்பர் கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும். குளிரிலோ அது மெத்தென்று இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் வின்டர் டயருக்கு மாறுவது நல்லது என்று டயர்க்காரர்கள் சொல்வது இதனால்தான். அதாவது பனி விழவே வேண்டாம், குளிர் வந்தாலே போதும். வின்டர் டயரின் ரப்பர் கலவையே வேறு. அதன் பட்டன்களில் பிளேடால் கீறினமாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுக்குள் பனி புகுந்து தங்கும். பனியை நன்றாகப் பிடிப்பது பனிதான் (உள்ளங்கையில் பனியை உருட்டிப் பந்து செய்கிறவர்களுக்கு இது தெரியும்).

ஆல் சீசன் டயரின் பக்கவாட்டில் 'எம் ப்ளஸ் எஸ்' என்று பொறித்திருக்கும். மட் அண்ட் ஸ்நோ, அதாவது சேறும் பனியும். இதைக் கரிசல்காட்டு விவசாயியிடம் காட்டினால் உடனே தகராறு வந்துவிடும். ஐப்பசி மழையில் கரிசலில் இறங்கிய டிராக்டர் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பட்டன் இடுக்கெல்லாம் அடைத்து, டயர் வழவழவென்று உருண்டையாகி, நின்ற இடத்திலேயே சுற்றும். சேற்றுக்கான டயர் மண்ணை உதறித் தள்ள வேண்டும். பனிக்கான டயரோ பனியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிரெதிரான இரண்டு வேலைகள் ஒரே முத்திரையில்! அந்த முத்திரை வாங்க டயரைப் பனியில் ஓட்டிக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை. பள்ளங்கள் எவ்வளவு இருக்கின்றன, எப்படி அமைந்திருக்கின்றன என்ற அளவு சரியாக இருந்தால் போதும். பனியில் சோதித்துப் பார்த்த டயருக்கென்று மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த முத்திரை 1999-ல்தான் வந்தது. ஆக இருபது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நம்பியது வெறும் பள்ளத்தின் அளவை.

அந்த இருபது வருஷத்தில்தான் ஈழத்தமிழர்கள் கனடாவில் போய் இறங்கினார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியது பெரிய செய்தியானது. யாழ்ப்பாணத்தில் இருந்ததும் விஸ்வநத்தத்தில் இருப்பது போன்ற மார்கழிப் பனிதான். அங்கே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டியவர்கள் ஸ்கார்பரோவிலும் மொன்றியலிலும் பழைய கார் ஒன்றை வாங்கி, இரவு ஷிப்டுக்கு ஓட்டிப் போனார்கள். மொன்றியலில் தமிழர்கள் நிறையக் குடியேறிய ஒரு பகுதியின் பெயர் கோட் தெ நேஜ். பிரெஞ்சில் 'பனிமேட்டுச் சரிவு' என்று பொருள். பெயரே எச்சரிக்கை மாதிரி இருக்கிறது! அவர்கள் பேச்சில் அது 'வின்ரர் ரயர்' ஆனது.

புதிதாக வந்தவருக்கு டயர் என்பது கணக்குப் பிரச்சினை. வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுப் பணம் எல்லாம் போக நான்கு டயர் கூடுதலாக வாங்குவது சும்மா இல்லை. இந்த இடத்தில் ஒரு சின்ன காஸ்ட் அக்கவுண்டிங். இரண்டு செட் வாங்கினால் செலவு இரண்டு மடங்கு என்று தோன்றும். அது பாதிதான் உண்மை. வின்டர் டயர் ஓடும் மாதங்களில் மற்ற செட் தேயாமல் சும்மா கிடக்கிறது. அதன் ஆயுள் அந்த அளவு நீள்கிறது. ஆக டயரின் விலை பெரும்பாலும் முன்கூட்டிக் கட்டிய பணம்தான். உண்மையான கூடுதல் செலவு வேறு: தனி ரிம், வருஷம் இரண்டுமுறை மாற்றும் கூலி, கழற்றிய டயரை வைக்க இடம். சொந்த வீடும் கராஜும் உள்ளவருக்குக் கடைசியது செலவே இல்லை. பத்தாவது மாடி அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பவருக்கு அது பெரிய தலைவலி. ஆல் சீசன் டயர் ஜெயித்தது பனியில் இல்லை, இந்த இடத்தில்தான்.

அந்தக் கூடுதல் செலவை யார் தலையில் வைப்பது என்பதில் கனடாவின் இரண்டு பெரிய மாகாணங்கள் இரண்டு வழியில் போயின. கியூபெக் சட்டம் போட்டது. 2008 டிசம்பர் 15 முதல் அங்கே பதிவான கார்களுக்குக் குளிர்காலத்தில் வின்டர் டயர் கட்டாயம். சட்டத்துக்கு முன்பே அங்கே பத்துக்கு ஒன்பது பேர் வின்டர் டயர் மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் சட்டம் எதற்கு? மாட்டாத அந்தப் பத்து சதவீத வண்டிகள், குளிர்கால விபத்துகளில் 38 சதவீதத்தில் சம்பந்தப்பட்டிருந்தன என்று அரசு தரப்பில் கணக்குச் சொன்னார்கள். (டயர் மாட்டாதவர் மற்ற விஷயங்களிலும் அலட்சியமாக இருப்பாரோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அவர் வழுக்கிப் போய் இடிப்பது எதிரே வருகிறவரை.) முதலில் டயர்க் கம்பெனி 'வின்டர்' என்று எழுதியிருந்தாலே ஏற்றுக்கொண்டார்கள். 2014 டிசம்பரிலிருந்து மலை முத்திரை இல்லாவிட்டால் செல்லாது. 2019 முதல் கெடு டிசம்பர் 1-க்கே வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு மொன்றியல் பக்கம் டொலார் தேஸ் ஓர்மோவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காரில் போகிறவர் எல்லோரும் இப்போது வின்ரர் ரயரில்தான் போகிறார்கள்.

தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ கட்டாயப்படுத்தவில்லை. அங்கே வடக்கில் பனி அதிகம், டொராண்டோ பக்கம் குறைவு, ஒரே சட்டம் சரிவராது என்ற வாதம் இருந்தது. 2016 ஜனவரி 1 முதல், வின்டர் டயர் மாட்டியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும் என்று மட்டும் விதி வந்தது. தள்ளுபடி நல்ல யோசனைதான். ஆனால் நான்கு டயரை மொத்தமாக வாங்கப் பணம் இல்லாதவர்தான் பழைய ஆல் சீசனிலேயே ஓட்டுகிறார். சில சதவீதத் தள்ளுபடி அவருக்கு எட்டாது. இந்த விஷயத்தில் கியூபெக் செய்ததுதான் நேர்மை என்று தோன்றுகிறது, அங்கேயும் டயர் வாங்கப் பணம் கொடுக்கவில்லை என்றாலும்.

இதற்கிடையில் ஆல் சீசன்காரர்களும் சும்மா இல்லை. 2015-ல் மிஷ்லின் கொண்டுவந்த கிராஸ்கிளைமேட் டயர், கோடை டயர் மாதிரி ஓடிக்கொண்டே அந்த மலை முத்திரையையும் வாங்கிவிட்டது. கியூபெக் சட்டத்துக்கும் முத்திரை போதும். மிதமான குளிருக்கு இது உண்மையிலேயே நல்ல தீர்வு. உறைந்த ரோட்டுக்குத் தனி டயர்தான் இன்னமும் மேல்.

இந்தியாவில் பனி இல்லாமல் இல்லை. 1948-ல் காஷ்மீரின் சோஜி லா கணவாயில், கோவேறு கழுதை போகிற பாதையை ஜீப் போகிற பாதையாக வெட்டிக் கொடுத்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. அந்த வழியாகத்தான் நவம்பர் 1 அன்று டாங்கிகள் ஏறின. ஆனால் அந்த மாதிரிக் கணவாய்கள் பல வருஷங்கள் குளிர்காலத்தில் மூடியே கிடந்தன. ரோடே மூடிவிட்டால் வின்டர் டயரை யார் வாங்குவார்கள்? ரோடு திறந்திருக்கும் நாட்களில் பனி விழுந்தால் டயரைச் சுற்றிச் சங்கிலி கட்டுவதுதான் வழக்கம். அதுவும் பழைய யோசனைதான். சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டியவர்களைப் பார்த்துவிட்டு ஹாரி வீட் என்ற அமெரிக்கர் 1904-ல் வாங்கிய காப்புரிமை.

2020 அக்டோபர் 3 அன்று ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்தது. 2025 ஜனவரியில் சோன்மார்க் சுரங்கமும் திறந்தது. இப்போது நடுக்குளிர்காலத்திலும் பனி பார்க்கச் சமவெளியிலிருந்து கார்கள் வரிசையாக ஏறுகின்றன, எல்லாம் வெயிலுக்குச் செய்த டயரோடு. ஈர ரோட்டில் பிடிப்பு, உருளும்போது உண்டாகும் தடை, சத்தம் மூன்றுக்கும் இந்தியாவில் தரம் நிர்ணயித்து 2022-ல் அறிவிப்பு வந்தது. குளிர்காலத்தில் வின்டர் டயர் கட்டாயம் என்று சட்டம் இல்லை. அதனால் பனி விழுகிற நாளில் மணாலிக்கு மேலே நிற்கும் போலீஸ்காரர், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியா, இல்லை சங்கிலி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். இரண்டும் இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்.