தேதி தெரியாத சிறை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். வாசிப்பெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலையும் அப்படித்தான் முடித்தேன். 1983-இல் குண்டூரில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரையும் நண்பர்களையும் போலீஸ் அடைத்துவைத்து அடித்த கதை. ‘விசாரணை’ படம் அதிலிருந்து வந்ததுதான். அடி விழும் பக்கங்களைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிட்டேன். அடுத்து யாரைக் கூப்பிடுவார்களோ என்று அவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கங்கள்தான் முடியவில்லை. அன்று ராத்திரி கதவைத் தாழிட மனசு வரவில்லை. அம்மாதான் எழுந்துவந்து தாழ்ப்பாள் போட்டது.

அடுத்த ஞாயிறு வேலூர் போனோம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிய கோட்டை. இந்த முறை பெயர்கள் கண்ணில் குத்தின. திப்பு மகால், கண்டி மகால். பெயர்தான் மகால், இருந்தவர்கள் கைதிகள்.

1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபின் ஆங்கிலேயர்கள் திப்புவின் பிள்ளைகளை இங்கே வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயர் படையின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்து கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் வைத்ததும் அவர்கள் கொதித்ததற்கு ஒரு காரணம். தோல் தைக்கிறவளுக்கு அது மறக்காது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1816-இல், கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்தார்கள். கண்டியை ஆண்டது 17 ஆண்டு, இங்கே அடைபட்டுக் கிடந்தது 16 ஆண்டு. 1832 ஜனவரி 30-இல் இறந்தான். அந்த 16 ஆண்டுகளை அவன் வாயால் சொல்லும் ஒரு வரியைக்கூட நான் வாசித்ததில்லை.

இதே வேலூரில், கோட்டையில் அல்ல, ஊரின் சிறையில், 1921 டிசம்பரில் அடைபட்ட ராஜாஜி நாட்குறிப்பு எழுதினார். மூன்று மாதத் தண்டனை. வெளியே போகும் நாள் அவருக்குத் தெரியும். அரசனுக்குத் தெரியாது. குண்டூரில் கிடந்தவர்களுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை எப்படி ஆளைத் தின்னும் என்று எனக்குச் சொன்னது நாவல்தான்; வரலாற்றுப் புத்தகம் 16 ஆண்டை ஒரு வரியில் தாண்டிப்போய்விடுகிறது.

இப்படிப்பட்ட கதைகள் மனசைக் கெடுக்கும் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். தூக்கம் கெட்டது நிஜம். ஆனால் ‘லாக்கப்’ வாசிக்காமல் போயிருந்தால் கண்டி மகால் எனக்கு ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான்.

அரசனின் சமாதி பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில் இருக்கிறது. எங்கள் ஆம்பூரைத் தாண்டி வரும் அதே பாலாறு. வேலூர் வந்தால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அங்கேயும் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.