பொட்சுவோலி

பொட்சுவோலி, இத்தாலியின் காம்பானியா மாநிலத்தில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே உள்ள துறைமுக நகர். ரோமானியர் காலத்தில் இதன் பெயர் புத்தேயோலி. தமிழ் வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளிலும் அந்தப் பெயரே வருகிறது. ரோம் நகர மக்களுக்கான எகிப்துக் கோதுமை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்குதான் வந்திறங்கியது. காம்பி ஃபிளெக்ரேயி எனப்படும் எரிமலைப் பெருங்குழியின் நடுவே இந்நகர் இருக்கிறது. துறைமுகம் கட்ட உதவிய சாம்பலும், அதே துறைமுகத்தைக் கடலுக்குள் இறக்கிய நில அசைவும் அந்த எரிமலையிலிருந்து வந்தவையே.

தொடக்கம்

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சாமோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் இங்கே திக்கையார்க்கியா என்ற குடியிருப்பை அமைத்தனர். கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனைதான் அதன் இடம். இன்று அது ரியோனே தெர்ரா எனப்படுகிறது. ஹன்னிபாலுடன் நடந்த போரின்போது ரோமானியர் இவ்விடத்துக்கு அரண் அமைத்தனர். கி.மு. 194இல் 300 ரோமக் குடிமக்களை இங்கே குடியேற்றினர்.

அதே நூற்றாண்டிலேயே ஊர் பெரிய சந்தையாகிவிட்டது. ஈஜியன் கடலின் புகழ்பெற்ற வணிகத் தீவான தேலோசை நினைத்து, அங்கதக் கவிஞர் லூக்கிலியஸ் இதைச் 'சின்ன தேலோஸ்' என்றார். ரோம் நகருக்கு அருகே பெரிய கப்பல்கள் தங்கத் தகுந்த துறை அப்போது இல்லாததே இந்த வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம். சரக்கை இங்கே இறக்கிச் சிறிய கலங்களில் ஏற்றி, டைபர் ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சாம்பலும் சுண்ணாம்பும்

இப்பகுதியில் தோண்டியெடுக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்தால், அது நீருக்கடியிலும் இறுகும். சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதே காரணம். அகஸ்டஸ் காலத்துக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்தக் கலவையைக் கொண்டுதான் புத்தேயோலியின் அலைதடுப்புப் பாலம் எழுந்தது. சுமார் 370 மீட்டர் நீளத்துக்கு, கடலுக்குள் தூண்கள் நிறுத்தி வளைவுகளால் இணைத்த கட்டுமானம் அது. பாலஸ்தீனத்தில் ஏரோது மன்னன் கட்டிய செசரியா துறைமுகத்துக்கும் நேப்பிள்ஸ் வளைகுடாச் சாம்பல் கப்பலில் போனதை ஆய்வாளர்கள் உறுதி செய்துள்ளனர்.

இத்தகைய சாம்பலைக் குறிக்கும் 'பொஸொலானா' என்ற பெயர் இவ்வூரிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் பி.பி.சி. சிமென்ட்டின் நடு எழுத்து அதையே குறிக்கிறது. எரிமலைச் சாம்பலின் வேலையை அதில் பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் செய்கிறது.

கோதுமைக் கப்பல்கள்

அலெக்சாண்டிரியாவின் கோதுமைக் கப்பல் வரிசை கண்ணில் பட்டதும் ஊரே துறைக்கு ஓடிவரும் என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா தம் கடிதம் ஒன்றில் எழுதுகிறார். மற்றக் கப்பல்கள் கரையை நெருங்கும்போது மேற்பாயை இறக்கிவிட வேண்டும். கோதுமைக் கப்பல்கள் மட்டும் அதை விரித்தபடியே வரலாம். ஆகவே தொலைவிலேயே அவற்றை அடையாளம் கண்டுவிடுவார்கள். கி.பி. 61 வாக்கில், கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அப்போஸ்தலர் பவுலும் அலெக்சாண்டிரியக் கப்பல் ஒன்றில் வந்து இங்கே இறங்கி, கிறிஸ்தவச் சகோதரர்களோடு ஏழு நாள் தங்கினார்.

அன்றாடக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடந்தது என்பதை, 1959இல் பொம்பெயி அருகே கிடைத்த மெழுகுப் பலகைகள் காட்டுகின்றன. அவை புத்தேயோலியின் சுல்பிக்கி என்ற வட்டித்தொழில் குடும்பத்தின் கணக்குகள். கி.பி. 37இல் நோவியஸ் யூனஸ் என்ற தானிய வணிகர் 10,000 செஸ்டர்ஸ் கடன் வாங்குகிறார். அடமானமாக அவர் வைப்பது 7,000 மோதி (ரோமானிய முகத்தல் அளவு) அலெக்சாண்டிரியக் கோதுமை. கூடவே கொண்டைக்கடலையும் பருப்பும் அடங்கிய 200 மூட்டைகள். எல்லாம் ஊர்ப் பொதுக் கிடங்கில் இருக்கின்றன. கடன் கொடுத்தவர் பேரரசர் திபேரியஸ் விடுவித்த முன்னாள் அடிமை. அவர் சார்பில் பணத்தைக் கையாள்பவரோ இன்னும் அடிமையாகவே இருக்கிறார். யூனஸ் தம் கைப்பட எழுதிய பத்திரத்தில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கின்றன. பேச்சு லத்தீன் எப்படி ஒலித்தது என்று ஆராய்வோருக்கு அந்தப் பிழைகளே சான்று.

கீழைக் கடல்கள்

சிரியர், யூதர், நபத்தேயர் எனப் பலரும் இங்கே குடியிருந்தனர். நபத்தேயரின் துஷாரா தெய்வத்துக்கு அமைத்த பலிபீடங்கள் இன்று கடலடியில் கிடக்கின்றன. தீர் நகர வணிகர்களுக்கும் இங்கே தனி அலுவலகம் இருந்தது.

இந்துமாக்கடல் வணிகத்திலும் இவ்வூருக்குப் பங்கு உண்டு. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர், அரேபியாவைச் சுற்றிப் போகையில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு 15ஆம் நாள் தப்ரபேன், அதாவது இலங்கை சேர்ந்தார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. வெவ்வேறு பேரரசர்களின் உருவம் பொறித்த ரோம வெள்ளிக்காசுகள் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு அந்நாட்டு மன்னர் வியந்தாராம். பிறகு நான்கு தூதர்களை ரோமுக்கு அனுப்பினாராம். அன்னியஸ் குடும்பத்தாரின் பெயர் புத்தேயோலிக் கல்வெட்டுகளில் வருகிறது. எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாறையொன்றிலும், இதே பிளோகாமசின் அடிமை கி.பி. 6இல் பொறித்த வரி உள்ளது.

உச்சமும் சரிவும்

கி.பி. 39இல் பேரரசர் கலிகுலா, கப்பல்களை வரிசையாகப் பிணைத்து, புத்தேயோலியிலிருந்து எதிர்க்கரையில் பாயே வரை பாலம் அமைத்து அதன்மேல் குதிரையில் போனார். பெரிய அரங்கம் ஃபிளேவியப் பேரரசர்கள் காலத்தது. நகரம் தன் சொந்தச் செலவில் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. 149 மீட்டர் நீளமும் 116 மீட்டர் அகலமும் கொண்ட இது, இத்தாலியில் ரோம், காப்புவா அரங்கங்களுக்கு அடுத்த பெரிய அரங்கம்.

இதற்குள் ரோம் தனக்கென ஒரு துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியிருந்தது. கி.பி. 42இல் பேரரசர் கிளாடியஸ் டைபர் முகத்துவாரம் அருகே பணியைத் தொடங்கினார். பின்வந்த பேரரசர் டிராஜன் அதை விரிவாக்கினார். கோதுமைக் கப்பல்கள் மெல்ல அங்கே திரும்பின. கி.பி. 174இல் புத்தேயோலியில் இருந்த தீர் வணிகர்கள், தங்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் அலுவலக வாடகை கட்ட முடியவில்லை, உதவுங்கள் என்று தாய்நகருக்கு விண்ணப்பம் எழுதினர். ஒரு துறைமுகத்தின் சரிவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் அரிது.

ஏறி இறங்கும் நிலம்

வணிகம் போன பிறகு நிலமும் தாழ்ந்தது. பூமிக்கடியில் உள்ள நெருப்புக் குழம்பும் வளிமங்களும் கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்து இங்கே தரை மெதுவாக ஏறும், இறங்கும். நிலவியலாளர் இதை பிராடிசைசம் என்பர். இதன் அளவுகோலாக நிற்பவை பழைய சந்தைக் கட்டடத்தின் மூன்று பளிங்குத் தூண்கள். 1750இல் அகழ்ந்தபோது செராபிஸ் தெய்வச் சிலை கிடைத்ததால், அதைக் கோவில் என்றே நெடுங்காலம் எண்ணினர். தூண்களின் அடிப்பகுதி வழவழப்பாக இருக்கிறது. சுமார் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு மேலே, ஒரு பட்டை போலக் கல் முழுதும் துளைகள். அவை கல்லைக் குடையும் கடற்சிப்பிகள் போட்டவை. அடிப்பகுதி மண்மூடிக் கிடந்ததால் தப்பியது. அதற்கு மேலே கடல்நீர் நின்றிருக்கிறது. தூண்கள் விழாமலே கடலுக்குள் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. சார்லஸ் லையல் 1830இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்புப் படமாக இத்தூண்களையே வைத்தார்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலம் மீண்டும் எழுந்தது. கடல் வற்றி வெளிப்பட்ட நிலத்தை நகருக்கு வழங்கும் அரச ஆணை ஒன்று 1503ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1538 செப்டம்பர் இறுதியில் எரிமலை வெடித்து, சில நாட்களில் மோன்தே நுவோவோ என்ற புதிய குன்று உருவானது. திரிபெர்கோலே என்ற ஊர் அழிந்தது.

அண்மைக் காலமும் அமைதியாக இல்லை. 1970 மார்ச் 2 அன்று ரியோனே தெர்ரா மக்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டனர். 1982க்கும் 1984க்கும் இடையே தரை சுமார் 1.8 மீட்டர் எழுந்தது. பல்லாயிரம் பேர் வீடிழந்தனர். அவர்களுக்காக மோன்தெருஷெல்லோ என்ற புதுக்குடியிருப்பு கட்டப்பட்டது. 2005 முதல் நிலம் மறுபடி எழுந்துவருகிறது. 2024 மே 20 அன்று 4.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது.

இன்று காணத்தக்கவை

நேப்பிள்ஸிலிருந்து மெட்ரோவின் 2ஆம் தடத்திலோ குமானா ரயிலிலோ எளிதில் வந்துவிடலாம். ஃபிளேவிய அரங்கத்தின் தரைக்கடியில் உள்ள சுரங்க வழிகள் ஏறக்குறைய சிதையாமல் இருக்கின்றன. விலங்குக் கூண்டுகளை மேலே ஏற்றிய சதுரத் திறப்புகளை அங்கே காணலாம். செராபிஸ் சந்தையைத் தெருவோரக் கம்பிவேலிக்கு வெளியே நின்றே முழுமையாகப் பார்க்க முடியும்.

ரியோனே தெர்ராவில் உள்ள பேராலயம் 1964இல் தீப்பற்றியபோது, 17ஆம் நூற்றாண்டுச் சுவர்களுக்குள் மறைந்திருந்த அகஸ்டஸ் காலக் கோவிலின் பளிங்குத் தூண்கள் வெளிப்பட்டன. அவற்றையும் சேர்த்துப் புதுப்பித்த ஆலயம் 2014இல் திறக்கப்பட்டது. கந்தகப் புகை கிளம்பும் சொல்ஃபதாரா பள்ளம் மட்டும், மூவர் உயிரிழந்த 2017 விபத்துக்குப் பிறகு மூடப்பட்டது. நில அசைவு தொடர்வதால், பயணம் புறப்படும் முன் எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்று கேட்டறிந்து செல்வது நல்லது.