காலணிக்குள் ஒரு சுவிட்ச்

மழை இல்லாத இரவுகளில் கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் கெந்திங் மலை விளக்குகள் தெரியும். கிள்ளான் மாமா சூதாட்டத்துக்குக் கிளம்பினால் சட்டைப் பையில் ஒரு 555 நோட்டு இருக்கும். ரூலெட்டில் விழுந்த எண்களையெல்லாம் அதில் எழுதுவார். "அடுத்து இதான் வரும் பாரு" என்பார். வந்த நாளும் உண்டு. அத்தையின் சங்கிலி அடகிலிருந்து மீளவில்லை.

பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது. எட்வர்ட் தோர்ப் பழைய எண்களை விட்டுவிட்டு ஓடும் பந்தையே அளந்தார். எம்.ஐ.டி.யில் கிளாட் ஷானனோடு சேர்ந்து 1961இல் அவர் செய்த கணினி சிகரெட் பெட்டி அளவு, 12 டிரான்சிஸ்டர்கள். ஒருவர் காலணிக்குள் இருந்த சுவிட்சைக் கால்விரலால் அழுத்திச் சக்கரத்தையும் பந்தையும் நேரம் பார்ப்பார். சக்கரத்தின் எட்டுப் பகுதிகளில் பந்து எதில் விழக்கூடும் என்பதை, பந்தயம் கட்டுபவரின் காதுக்குள் ஓர் ஒலி சொல்லும். எதிர்பார்த்த லாபம் 44 விழுக்காடு! லாஸ் வேகாஸில் காதுக்குப் போன மெல்லிய கம்பி அறுந்துகொண்டே இருந்தது. சால்டரிங் செய்து விரல் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும். உடலில் அணியும் முதல் கணினி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நெவாடா 1985இல் இத்தகைய கருவிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. மூளையால் கணக்குப் போடுவது குற்றமில்லை, கருவியால் போட்டால் குற்றம்.

மாமாவின் நோட்டை யாரும் பிடுங்கியதில்லை. இன்று பல சூதாட்ட விடுதிகளில் விழுந்த எண்களை அவர்களே பலகையில் ஒளிரவிடுகிறார்கள்.