எண்ணப்படாத சூரை

சூரை என்பது ஒரு மீன் அல்ல, ஒரு குடும்பம். தென்கரையில் ஏலம் நடக்கிற இடத்தில் நின்று கேட்டால் சூரை, எலிச்சூரை, வரிச்சூரை, கேரை என்று பெயர்கள் பிரிந்துகொண்டே போகும். வஞ்சிரமும் (தெற்கே நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா) இதற்குத் தூரத்துச் சொந்தம். மீனவர்கள் பிரிக்கிற இந்தப் பிரிப்புக்கு மேலே இன்னொரு பிரிப்பு உண்டு. கண்டத்திட்டின் மேல், கரைக்கு அருகே திரியும் சூரைகள் ஒரு வகை. நாடு விட்டு நாடு, கண்டம் விட்டுக் கண்டம் போகும் மஞ்சள் துடுப்புக் கேரை, பெருங்கண் சூரை போன்றவை இன்னொரு வகை. பின்னது டின்னுக்குள்ளும் ஜப்பானிய உணவு மேசைக்கும் போகிறது. முன்னது பெரும்பாலும் நம் சட்டிக்கு வருகிறது, இல்லையென்றால் கருவாடாகிறது. கரைச்சூரை யாரால், யாருக்காக எண்ணப்பட்டது, எப்படி எண்ணப்படாமல் போயிற்று என்பதைத்தான் இங்கு பார்க்க வேண்டியிருக்கிறது. மீனை எண்ணுவது ஏதோ தொழில்நுட்ப விவகாரம், அதில் வரலாறு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன வரலாறு இருக்கிறதோ அதேதான் இதிலும் இருக்கிறது.

1948இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் இந்தோ-பசிபிக் மீன்வளக் கவுன்சிலுக்கான ஒப்பந்தம் உருவாயிற்று. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் குடையின் கீழ் வந்த முதல் பிராந்திய மீன்வள அமைப்புகளில் அது ஒன்று. காலனியாட்சி கழன்றுகொண்டிருந்த நேரம். புதிய அரசுகளுக்குத் தம் கடலில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசரம் மட்டும் இருந்தது. இந்தியாவில் அதற்கு முந்தின வருடம்தான், 1947 பிப்ரவரியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தொடங்கப்பட்டு, பின் மண்டபத்துக்குப் போனது. அந்த மண்டபத்தில்தான் 1962 ஜனவரியில் சூரை, அயிலை, வஞ்சிரம் அடங்கிய மீன் குடும்பம் பற்றிய கருத்தரங்கு நடந்தது. எஸ். ஜோன்ஸ், ஈ.ஜி. சைலஸ் போன்றவர்கள் இந்தியக் கடல்களின் சூரை வகைகளைப் பெயரிட்டு, விவரித்து, ஒழுங்குபடுத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் லா ஹோயாவில் உணவு வேளாண்மை அமைப்பு சூரை உயிரியல் பற்றி உலகக் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. அதற்குள் ஜப்பானியரின் நீண்ட தூண்டில் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டிருந்தது. சூரை உலக விஷயமாக ஆனதற்குக் காரணம் அந்தக் கப்பல்கள்தானே தவிர, பாம்பனிலோ நீர்கொழும்பிலோ வலை வீசியவர்கள் அல்ல.

இதே காலத்தில் வேறுவிதமான எண்ணிக்கை ஒன்றும் நடந்தது. மாலத்தீவில் 1959 முதல் சூரைக் கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் மாதிரி எடுத்து ஊகிப்பது அல்ல. ஒவ்வொரு தீவிலும் அன்றன்று கரைக்கு வந்த மீனைத் தலை தலையாக எண்ணித் தீவு அலுவலகத்தில் எழுதினார்கள். எடை பின்னால் பெருக்கிக் கண்டுபிடித்துக்கொள்ளப்பட்டது. ஒரு மிகச் சிறிய நாடு, பெரிய ஆராய்ச்சி நிலையம் எதுவும் இல்லாத காலத்தில், இந்தப் பெருங்கடலில் மிக நீண்ட, மிக ஒழுங்கான சூரைக் கணக்குகளில் ஒன்றை வைத்திருந்தது. ஏன்? மாசிதான் அந்த நாட்டின் காசு. சூரையை அவித்து, புகையிட்டு, காயவைத்துச் செய்யும் மாசிக் கருவாடு இலங்கைக்குப் போனது. அரிசியும் துணியும் வந்தன. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை மாசி இறக்குமதியைச் சுருக்கியபோது மாலத்தீவின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. சம்பலில் இடித்துப் போடுகிற ஒரு துண்டு மாசிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. தன் வாழ்க்கை எதில் தொங்குகிறதோ அதை ஒரு சமூகம் எண்ணும், வேண்டாததை எண்ணாது. இந்த எளிய விஷயத்தை மறந்துவிட்டு 'தரவுப் பற்றாக்குறை' என்று பேசுகிறவர்கள், அது ஏதோ வானிலை போல என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவின் முறை வேறு. நீண்ட கரை, ஆயிரத்துக்கு மேற்பட்ட இறங்குதுறைகள். எல்லாவற்றையும் எண்ண முடியாது. ஆகவே பல அடுக்கு மாதிரிக் கணக்கெடுப்பு வந்தது. குறிப்பிட்ட துறைக்குக் குறிப்பிட்ட நாளில் கணக்கெடுப்பவர் போவார். நண்பகலிலிருந்து மாலை ஆறு வரை, மறுநாள் காலை ஆறிலிருந்து நண்பகல் வரை இறங்கும் மீனைப் பார்த்து எழுதுவார். இடைப்பட்ட இரவில் இறங்கியதை விசாரித்து எழுதுவார். புள்ளியியல்படி நல்ல முறைதான், சும்மா சொல்லக் கூடாது. உலகின் வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் இதற்கு நிகராக ஒன்று இல்லை. ஆனால் மொத்த மீன் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வடிவமைத்த வலை அது. அதில் எலிச்சூரையின் இரண்டு இனங்கள் பல சமயம் ஒரே தலைப்பின் கீழ் விழுந்துவிடும். குட்டிச் சூரைகள் 'இதர' என்ற கட்டத்துக்குள் போய்விடும். தெற்குக் கரையில் வயதான ஒருவர் சொன்னார்: "அவரு நோட்டை எடுக்கிறதுக்குள்ள ஏலம் முடிஞ்சு ஐஸும் போட்டாச்சு தம்பி. எவ்வளவுன்னு கேட்டாரு, ஒரு நூறு கிலோன்னு சொன்னேன். நூறா நூத்தம்பதா, யாரு நிறுத்தா?" அவர் ஏமாற்றவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் இடமில்லை, அவ்வளவுதான்.

கடலைக் கோடு போட்டுப் பிரித்த காலம் அடுத்து வருகிறது. இந்திய-இலங்கைக் கடல் எல்லை 1974இலும் 1976இலும் வகுக்கப்பட்டது. 1982இல் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை இருநூறு கடல் மைலை நாடுகளுக்குக் கொடுத்தது. அதன் 64ஆவது பிரிவு, தொலைதூரம் வலசை போகும் மீன்களுக்குச் சம்பந்தப்பட்ட நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. எந்தெந்த மீன் என்று முதலாவது இணைப்பில் பட்டியல் இருக்கிறது. நம்முடைய சூரையும் எலிச்சூரையும் அதில் உண்டு. ஆனால் நீள்வால் சூரை இல்லை, வஞ்சிரம் இல்லை. ஈரான் கரையிலிருந்து தாய்லாந்து வளைகுடா வரை லட்சக்கணக்கான பேர் பிடித்துத் தின்னும் மீன்கள் இவை. பட்டியல் போட்டவர்களின் கண்ணுக்கு அவை படவில்லை என்றால் அது தற்செயல் அல்ல. பட்டியல் என்பதே ஒரு பார்வை. பெரிய கப்பல் எதைத் துரத்துகிறதோ அது 'வலசை போவது'. சிறிய படகு எதைப் பிடிக்கிறதோ அது உள்ளூர்ச் சரக்கு. (அமெரிக்கா சூரை எந்தக் கரைநாட்டுக்கும் சொந்தமல்ல என்று 1976 சட்டத்தில் எழுதிவைத்து 1990 வரை பிடிவாதமாக நின்றது தனிக்கதை.)

ஒத்துழைப்பு என்ற சொல் நிறுவனமாக மாறியதும் இந்த வருடங்களில்தான். 1979இல் ஸ்வீடன் பணத்தில், உணவு வேளாண்மை அமைப்பின் பொறுப்பில், வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, மாலத்தீவு, இலங்கை, தாய்லாந்து என ஏழு நாடுகள். சிறுபடகு மீனவர்களை மையத்தில் வைத்த திட்டம் அது. இலங்கை, மாலத்தீவுக் கடல்களின் சூரை வளம் பற்றிய அதன் ஆய்வுகள் 1988இல் நூலாக வந்தன. 1982இல் கொழும்பில் இந்தோ-பசிபிக் சூரைத் திட்டம் அலுவலகம் திறந்தது. பல நாட்டுப் பிடிக்கணக்குகள் ஓரிடத்தில் சேர ஆரம்பித்தன. 1990இல் மாலத்தீவில் சூரைகளுக்கு அடையாளச் சீட்டு குத்திக் கடலில் விட்டார்கள். அவற்றில் சில இலங்கைப் படகுகளில் திரும்பக் கிடைத்தன. மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது என்று எல்லோரும் மேடையில் சொல்வதுதான். இங்கே சீட்டோடு சாட்சி வந்தது. ஆனால் அந்தச் சீட்டுகள் குத்தப்பட்டது வரிச்சூரைக்கும் மஞ்சள் கேரைக்கும். கரைச்சூரை எவ்வளவு தூரம் போகிறது, எங்கே ஒரு கூட்டம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பதற்கு அப்படியொரு பெருமுயற்சி நடக்கவில்லை.

கொழும்பில் அலுவலகம் திறந்த மறுவருடம் 1983. வடக்கிலும் கிழக்கிலும் மீன்பிடித் தடைகள், கடற்படைப் பாதுகாப்பு வலயங்கள், எரிந்த வள்ளங்கள், இடம்பெயர்ந்த கரையோரக் கிராமங்கள். போருக்கு முன் இலங்கையின் மீனில் பெரும்பங்கு தந்த கரைகள் அவை. அடுத்த இருபத்தாறு வருடங்களுக்கு அந்தக் கரைகளின் கணக்கு ஒன்று இல்லை, அல்லது ஊகம். பிராந்தியத்தின் சூரைக் கணக்கைச் சேர்க்கிற அலுவலகம் இருந்த நாட்டிலேயே, பாதிக் கரை கணக்குக்கு வெளியே கிடந்தது. அட்டவணையில் அந்த வருடங்களைப் பார்க்கிறவருக்குப் பிடி குறைந்ததாகத் தெரியும். மீன் குறைந்ததா, பிடிக்கப் போனவன் இல்லாமல் போனானா என்று எண் சொல்லாது.

கூட்டமைப்புக்குச் சட்ட உடல் கிடைத்தது 1990களில். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்துக்கான ஒப்பந்தம் 1993 நவம்பரில் ஏற்கப்பட்டு, 1996 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் செஷல்ஸின் விக்டோரியா. இந்தத் தேர்வும் பேசும்: 1980களின் நடுவிலிருந்து பிரெஞ்சு, ஸ்பானியச் சுருக்குவலைக் கப்பல்களின் துறைமுகம் அது. ஒப்பந்தத்தில் 16 இனங்கள். கடற்சட்டம் விட்டுவிட்ட நீள்வால் சூரையும் வஞ்சிர வகை இரண்டும் உள்ளே வந்தன. இதை ஒரு வெற்றி என்றே சொல்ல வேண்டும். ஆனால் வெப்பக்கடல் சூரைகளுக்கான ஆய்வுக்குழு 1999இலேயே கூடிவிட்டது. கரைச்சூரைகளுக்கான குழு முதன்முதலாகக் கூடியது 2011 நவம்பரில், சென்னையில். ஆணையம் பிறந்து பதினைந்து வருடம் கழித்து! இந்தோனேசியா உறுப்பினரானதே 2007இல்தான், மாலத்தீவு 2011இல்தான். பிடிப்பவர்கள் ஒவ்வொருவராக வந்துசேர்வதற்குள் விதிகளின் மொழி உருவாகி முடிந்திருந்தது.

இதற்குப் பின் நடந்தது எனக்கு மிகச் சுவாரசியமாகவும் சங்கடமாகவும் படுகிறது. 2012இல் ஆணையத்தின் முன் ஒரு அறிக்கை வந்தது. இந்தியா, இந்தோனேசியா, இலங்கை மூன்றின் சூரைப் பிடிக்கணக்கை 1950 முதல் 2011 வரை திருத்தி எழுதும் முயற்சி அது. நாடுகள் அனுப்பிய எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, இனம் பிரிக்கப்படவில்லை, வலை வகை தெரியவில்லை. ஆகவே பழைய எண்களை எடுத்து, கிடைத்த சான்றுகளைக் கொண்டு பிரித்து, சேர்த்து, அறுபது வருடக் கடந்தகாலத்தைப் புதிதாகக் கட்டினார்கள். செய்தவர்கள் நேர்மையாகவே செய்தார்கள். என்ன அனுமானம் என்று எழுதியும் வைத்தார்கள். வரலாறு எழுதுகிற எவரும் இதைத்தான் செய்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான்: நாம் எழுதுகிற கடந்தகாலத்தின் மேல் யாரும் பிடிவரம்பு போடுவதில்லை.

ஏனென்றால் கரைச்சூரைக்கான மதிப்பீடுகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் பிடிக்கணக்கை மட்டுமே நம்பும் முறைகள். வருடாவருடம் எவ்வளவு பிடித்தோம் என்ற வரிசையை எடுத்துக்கொள்வது. கூட்டம் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்கு ஆயிரக்கணக்கான ஊகங்களைப் போட்டுப் பார்ப்பது. அந்தப் பிடியைத் தாங்காமல் அழிந்துபோகிற ஊகங்களைத் தள்ளுவது. மிச்சம் நிற்பதிலிருந்து இன்றைய நிலையைப் படிப்பது. கெட்டிக்காரத்தனமான முறைதான். ஆனால் முழுக் கட்டடமும் அந்த வரிசையின் மேல் நிற்கிறது. வரிசையின் பாதி, "நூறா நூத்தம்பதா" என்ற பதிலின் மேல் நிற்கிறது. 2015ஐ ஒட்டிய மதிப்பீடுகளில் நீள்வால் சூரையும் வஞ்சிரமும் தாங்கும் அளவுக்கு மேல் பிடிக்கப்படுகின்றன என்ற முடிவு வந்தது. முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. வஞ்சிரத்தின் அளவு சிறுத்துவிட்டதைச் சமையல்கட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்பது வேறு: எந்தக் கூட்டம்? ஆணையம் ஒவ்வொரு இனத்தையும், மாற்றுச் சான்று இல்லாத நிலையில், இந்தியப் பெருங்கடல் முழுக்க ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்கிறது. கிழக்கே தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையமும் ஆசியான் நாடுகளும் 2015இல் கரைச்சூரைக்கான தங்கள் செயல்திட்டத்தை ஏற்றன. அவர்கள் அந்தமான் பக்கம் ஒன்று, தென்சீனக் கடல் பக்கம் ஒன்று என்று பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஆகவே தாய்லாந்தின் மேற்குக்கரையில் பிடிபடும் ஒரு நீள்வால் சூரை ஒரு நோட்டில் ஓமான் மீனோடு ஒரே குடும்பம், இன்னொரு நோட்டில் அந்தமான் மீன் மட்டும். மீனுக்கு இரட்டைக் குடியுரிமை.

இது வெறும் அறிஞர் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். கரைச்சூரையின் பெரும்பகுதி செவுள்வலையில் விழுகிறது. ஈரான், பாகிஸ்தான், ஓமான், இந்தியா, இலங்கை என்று செவுள்வலை விடுகிறவர்களே இதன் மீனவர்கள். மிதவைச் செவுள்வலை இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்ற விதி முதலில் ஆழ்கடலுக்கு மட்டும் இருந்தது; 2017இல் எடுத்த தீர்மானம் 2022 முதல் நாடுகளின் சொந்தக் கடலுக்கும் அதை நீட்டியது. பாகிஸ்தான் ஆட்சேபித்தது. ஓங்கிலும் ஆமையும் அந்த வலைகளில் சாகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கடல் முழுவதற்கும் ஒரே கூட்டம், ஒரே எண், ஒரே வரம்பு என்று வந்தால், பங்கு பிரிக்கிறபோது பழைய பிடியை எழுத்தில் காட்டத் தெரிந்தவனுக்கே இலை விரிப்பார்கள். தலை தலையாக எண்ணி வைத்த மாலத்தீவுக்குச் சான்று இருக்கிறது. போரில் கணக்கு தொலைந்த முல்லைத்தீவுக்கு என்ன சான்று?

இதற்கிடையில் நம் பக்கத்து நடவடிக்கை ஒன்று. பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளால் இரு கரைக்கும் தீராத சண்டை. இரு அரசுகளின் பேச்சில் பெரும்பகுதி கைது, படகு, விடுதலை என்றே கழிகிறது. அதற்குத் தீர்வாக 2017இல் ராமேஸ்வரத்தில் ஒரு திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது: இழுவைமடியை விட்டுவிட்டு, செவுள்வலையும் நீண்ட தூண்டிலும் கொண்ட ஆழ்கடல் சூரைப் படகுக்கு மாறுவது. படகு ஒன்று 80 லட்ச ரூபாய்; மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒன்று, மிச்சம் வங்கிக் கடனும் மீனவர் கையும். மூன்று வருடத்தில் 2,000 படகு என்பது இலக்கு. இறால் மடியைத் தவிர வேறு தொழில் பழகாதவர்கள், நாள்கணக்கில் கரை தெரியாத கடலில் கிடக்கப் பழகாதவர்கள். இலக்கில் மிகச் சிறு பங்குதான் கடலுக்குப் போனது. அந்த இரண்டாயிரமும் போயிருந்தால் எந்தச் சூரையை, எவ்வளவு பிடித்திருக்கும் என்ற கேள்விக்கு மறுகரையோடு உட்கார்ந்து போட்ட கணக்கு எதுவும் முன்னால் வைக்கப்படவில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு படகுக்காரர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "சூரை இருக்குன்னு சொல்றாங்க சார். எங்க இருக்கு, எத்தன நாளைக்கு இருக்கும்னு யாராச்சும் சொன்னாங்களா? எட்டு லட்சம் என் கைக்காசு."